வாசலில் தொங்கும் விசில்

“ம்... முன்னாடி போ, முன்னாடி போ. இடம் அவ்ளோ கெடக்கு, அங்கயே நின்னா எப்படி?”

கண்டக்டரம்மா அதட்டுவது பயணிகளை அல்ல, தன் இடது காலை. கட்டிலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே வாக்கரைப் பிடித்தபடி நிற்கிறார். கால் அசைவேனா என்கிறது.

பஸ் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. கெடுத்ததெல்லாம் வீட்டுக்காரரின் பாசம்தான். மனைவியை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார் மனிதர். வேலைக்குக் கொண்டுபோகும் விசிலையே கழுத்தில் மாட்டிவிட்டு, “ஊது, ஓடி வந்துடறேன்” என்றார். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிற்கும், இரண்டு என்றால் புறப்படும். வீட்டில் எப்போதும் ஒரே விசில்தான். வீட்டுக்காரர் வந்து நிற்பார். ஊதினால் தண்ணீர், ஊதினால் தலையணை. அம்மாவும் மகாராணி கணக்காகப் படுத்துக்கிடந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கரில் துண்டு காய்ந்தது.

பயிற்சி சொல்லித்தர வந்த பெண் ஒரு நாள் போர்வையை விலக்கினார். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த கால், அடையாளம் தெரியாமல் வற்றிக் கிடந்தது. முழங்கால் மடங்கவில்லை. குதிகாலில் புண் வரத் தொடங்கியிருந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, கிடந்து கிடந்துதான் இந்தக் கோலம் என்றார் அந்தப் பெண். அடுத்த மாதம் வேலைக்குத் தகுதி பார்க்கும் டாக்டர் பரிசோதனை. பஸ் படி ஏற முடியாவிட்டால் பணிமனையில் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கு அதில் நிம்மதி. அம்மாவுக்கு இல்லை.

அன்றைக்கே விசிலைக் கழற்றி, வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டச் சொன்னார்.

“அவ்ளோ தூரம் நடந்து போய் ஊத முடிஞ்சா, அப்புறம் நான் எதுக்கு?” என்றார் வீட்டுக்காரர், முகம் சுண்டிப்போய்.

“அதுக்குத்தாங்க அங்க மாட்டச் சொல்றேன்.”

அதிலிருந்து தண்ணீர் வேண்டுமென்றாலும் எழுந்துதான் ஆகவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்குகிறார், நீட்டுகிறார். வலியில் உயிர் போகிறது. நேற்று வரை மேசையோடு சரி. வீட்டுக்காரர் நாற்காலியும் கையுமாக, குட்டி போட்ட பூனை மாதிரி பின்னாலேயே சுற்றுகிறார்.

இன்று அம்மா மேசையைத் தாண்டிவிட்டார். கூடத்து நடுவில் முழங்கால் வெடவெடக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், உட்கார் என்று கெஞ்சிக்கொண்டே நாற்காலியைக் கொண்டுவந்து பின்னால் முட்டுகிறார் வீட்டுக்காரர். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பின்னாடி இருந்து இடிக்காதீங்க சார். எறங்குறவங்களுக்கு வழி விடுங்க.”

எப்படியோ கதவு வரை போய்ச் சேர்ந்துவிட்டார். ஆணியிலிருந்து விசிலை எடுத்து வாயில் கவ்வி, கதவைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு இடது காலை வாசற்படியில் இறக்கி வைக்கிறார். பிறகு ஊதுகிறார், இரண்டு விசில்.