கோவளத்தில் பாடு

வேன் வைத்து ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் டீசலுக்கு முன்னால் தீர்ந்துபோவது தொண்டைத் தண்ணீர்தான். என்னைப் போல மைக் பிடித்துக் கத்தியவர்களுக்கு இது தெரியும். 2004 முதல் ஞாயிறுதோறும் தாம்பரத்திலிருந்து கோவளத்துக்கு வேன் விட்டேன். தர்கா, மாதா கோயில், கடற்கரை, கடைசியாக அஞ்சலை அக்கா கடையில் வறுத்த மீன். இதுதான் டூர்.

வாழ்த்து

முதல் ட்ரிப்பில் சிட்லபாக்கம் தங்கராஜ் சார் வந்திருந்தார். ரிடையர்டு, தங்கமான மனிதர். அக்கா சும்மா உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டதற்கு, இன்றைக்குப் பாடு இல்லை என்றார். கஷ்டம் இல்லை என்கிறார் என்று நினைத்த சார், எப்போதும் இப்படியே இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்திவிட்டார். எனக்கும் அர்த்தம் தெரியாது, பக்கத்தில் நின்று ஆமீன் சொன்னேன். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாடுன்னா மீனு சார். வலையில ஒண்ணும் வுழலன்னு சொல்லிகினு கீறேன், நீ இன்னா வாழ்த்திகினு கீற?"

எது சக்தி?

பெருங்களத்தூரில் ஏறிய ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்கு வேண்டிக்கொள்ள தர்கா சக்தியா, மாதா சக்தியா என்று என்னைப் பிடித்துக்கொண்டார். பாயான நான் வாயைத் திறந்தால் வம்பு. அக்காவிடம் தள்ளிவிட்டேன். அக்கா மீனைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார்.

"எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போனா அம்மன், மாதா, தர்கா மூணு பக்கமும் கும்புடுவேன். காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்னு யாருக்கும்மா தெரியும்?"

ஆறிப்போன மீன்

சுனாமியில் அக்காவின் வீட்டுக்காரர் பிழைத்தார், படகு போயிற்று. சில மாதம் கழித்து வேறு படகில் கடலுக்குப் போனார். மீன் வந்தது, தின்ன ஆள் வரவில்லை. பிணம் மிதந்த கடல் என்று ஊரே மீனை ஒதுக்கியிருந்த காலம். என் வேனில் வந்தவர்களும் தர்காவைப் பார்த்தார்கள், மாதாவைப் பார்த்தார்கள், சீட்டிலேயே புளியோதரையைப் பிரித்தார்கள். இப்படியே போனால் அடுப்பை மூட வேண்டியதுதான், தாம்பரத்தில் வீட்டு வேலைக்கு ஓர் இடம் பார் என்றார் அக்கா. எனக்கு வெட்கமாக இருந்தது. நானும்தான் சாப்பிடவில்லை.

"அதே மீனத்தான் எங்க வூட்லயும் துன்றோம் பாய். எங்களுக்கு மட்டும் வேற வயிறா?"

சார் இறங்கினார்

அடுத்த ஞாயிறு தங்கராஜ் சார் வந்தார். எல்லோரும் பொட்டலம் பிரிக்க, அவர் மட்டும் இறங்கிப் போய் அக்கா முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து, "பாடு எப்படிம்மா?" என்றார். அக்கா இலையில் ஒரு துண்டு வைத்தார். சார் முள் எடுத்து நிதானமாகச் சாப்பிட்டார், இன்னொன்று கேட்டார். அவர் மனைவி இறங்கினார். பின்னாலேயே வேன் மொத்தமும் இறங்கியது. அக்கா அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தார்.

"பாடு கீது சார். இப்ப வாழ்த்து."

ஆமீன் சொல்லிவிட்டு நானும் இலையை நீட்டுவதற்குள் சட்டி காலி, ஊர் காட்டப் போனவனுக்கு அன்றைக்கு வாய்த்தது வேனில் கிடந்த புளியோதரைதான்.