பேஸ் கிட்டாருக்கு ஒரு மலிவான உடம்பு

இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவனைச் சனம் கவனிப்பது, அவன் வாசிப்பு நிற்கும்போது மட்டும்தான். எழுபதுகளில், புதுக் கிட்டார் கப்பலில் வராத காலத்தில், ஊர்காவற்றுறை இசைக்குழு ஒன்றில் அந்த வேலை எனக்கு. கிழமை நாளில் தபால் கந்தோர், சனி ஞாயிறில் கலியாண வீடுகளில் பைலா ஆட்டப் பாட்டு. கிட்டார் என் கைவேலை. கைவேலைக் கிட்டாரோடு மேடை ஏறியவர்களே, மிச்சத்தை நான் சொல்லாமலே நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள்.

மடத்துவெளியில் பிளந்தது

கழுத்து முதிரை மரம், கல்லு மாதிரி. உடம்புதான் தேயிலைப் பெட்டிப் பலகைகளை ஒட்டிச் செய்தது. மாரி ஈரத்தில் ஒட்டு இளகிப்போனதை நான் கவனிக்கவில்லை. மடத்துவெளியில் ஒரு கலியாண வீட்டில், பாட்டு நடுவில் 'டக்' என்றது. உடம்பு இரண்டாய்ப் பிளந்து ஒரு பாதி என் காலடியில் விழுந்தது. தந்திகள் கொடிக்கயிறு மாதிரித் தொங்கின.

குழுவை நடத்திய துரை அண்ணை பாடி முடித்துவிட்டு வந்தார். அடுத்த கலியாணம் இரண்டு கிழமையில், புளியங்கூடலில். அதற்குள் கிட்டார் சரிவராவிட்டால் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவனைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். வருகிறவன் பிறகு போகமாட்டான் என்று எனக்குத் தெரியும். குனிந்து விழுந்த பாதியைப் பொறுக்கினேன். அந்த நேரம் பெண்ணின் தகப்பன் வந்து அன்பாய் என் கையைப் பிடித்தார். "குறை நினையாதையும் தம்பி. உந்தச் சத்தம் நிண்ட பிறகுதான் எங்களுக்குப் பாட்டு விளங்கினது."

சும்மா கிடைத்த பனை

சுருவிலில் என் மச்சான் பனைமரம் தறித்திருந்தான். சும்மா தருகிறேன் என்றான். மூன்று துண்டை இணைத்து, நாலு நாள் மினைக்கெட்டு வெட்டினேன். உள்ளங்கை முழுக்கச் சிராய். வாரைப் போட்டுத் தோளில் மாட்டினால் நிமிர ஏலாது. துரை அண்ணைக்குக் காட்டப் போனேன். அவர் ஒருக்காத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கவனமாய்ச் சுவரில் சாத்தினார். "வாசிக்கிறது நீர் வாசியும். பிடிக்கிறதுக்கு ரெண்டு பேரைப் பாப்பம்."

சவப்பெட்டிக்காரர்

ஊர்காவற்றுறையில் சவப்பெட்டி செய்கிற பேதுரு அண்ணையிடம் நல்ல காய்ந்த பலகை உண்டு என்றார்கள். போனேன். பலகை பாரமில்லை, கோணலில்லை, விலையும் கைக்கு அடக்கம். ஆசையாய்த் தட்டிப் பார்த்தேன், நல்ல நாதம். கலியாண வீட்டுக்கு இதைக் கொண்டுபோவதா என்று மனம் கொஞ்சம் பின்வாங்கியது. பேதுரு அண்ணை கிட்டாருக்கு அளவெடுத்தார். பிறகு என்னையும் மேலும் கீழும் பார்த்தார். கேலி இல்லை, வியாபார அக்கறை. "உமக்கு இப்ப அரைவாசிதான் வேணும். மிச்சத்தை உம்மடை பேரிலை எடுத்து வைக்கட்டே?"

கரையில் கிடந்த கட்டுமரம்

பலகையும் வேண்டாமென்று கடற்கரைப் பக்கமாய்ச் சைக்கிளை உருட்டி வந்தேன். ஐந்து நாள்தான் மிச்சம். ஒரு பழைய கட்டுமரம் குலைந்து கிடந்தது. ஒரு மரத்தைத் தூக்கினேன்; பஞ்சு மாதிரி எழும்பியது. மலைவேம்பு, வருஷக்கணக்காய் வெயிலில் காய்ந்தது. கட்டுமரத்தின் சொந்தக்காரர் சூசை அண்ணை, அடுப்புக்கு வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அறுத்து, ஒட்டி, கழுத்தைப் பூட்டி, முதல் தந்தியைத் தட்டினேன். அடிவயிற்றில் போய் விழுந்தது அந்தச் சத்தம். கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. வார்னிஷ் பூசத்தான் நாள் இல்லாமல் போய்விட்டது.

புளியங்கூடலில் அருமையாய் வாசித்தேன். துரை அண்ணை திரும்பிப் பார்த்துச் சிரித்தார்; என் இடம் எனக்குத்தான் என்று தெரிந்துபோனது. மூன்றாவது பாட்டுக்குள் மேடைப் பல்புகளின் சூட்டில் மரம் சூடேறியது. அந்த மரத்தில் சூசை அண்ணை வீட்டார் இவ்வளவு காலமும் மீன் காயப்போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. முன்வரிசைச் சனம் மூக்கைச் சுளித்தது. மாப்பிள்ளையின் மாமன் எழும்பிக் குசினிக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் வியர்த்து வழிய மேடைக்கு வந்தார். "சமையல் சுத்த சைவம், சட்டி சட்டியாத் திறந்து பாத்திட்டன். உங்களிலை ஆர் தம்பி கருவாடு கொண்டுவந்தது?"

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்த உடம்போடுதான் வாசித்தேன். பூனை வளர்க்கிற வீடுகளில் மட்டும் கிட்டாரைக் கீழே வைப்பதில்லை.