உழவரின் ஆறாவது விமானம்

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சங்கத்தில் வைத்திருந்த பெயர் உழவர். விமானம் விடுகிறவர்கள் கூடும் சங்கத்தில் ஒருவருக்கு அப்படிப் பெயர் விழுந்தால், அதற்குக் காரணம் வேறு கேட்க வேண்டுமா? பத்து வருஷத்தில் ஐந்து விமானங்கள் கட்டினார். ஐந்தும் மூக்கால் தரையை உழுதுவிட்டுத்தான் ஓய்ந்தன.

பொம்மை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதைச் சொன்னால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். நிஜ விமானத்தின் வரைபடத்தை வாங்கி, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, மரம் அறுக்கும் மிஷினில் இருப்பது போன்ற பெட்ரோல் இன்ஜினை மாட்டி, ரிமோட்டில் ஓட்டுவது. இறக்கையின் இந்த முனையில் நீங்கள் நின்றால் அந்த முனையில் நிற்பவரிடம் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருக்கும். அவ்வளவு பெரிசு.

கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாழ்நாளெல்லாம் மனித உயிர்களைக் கம்பிக் கயிற்றில் ஏற்றி இறக்கியவர். ஒரு திருகைப் போட்டால் மூன்று தடவை சரிபார்ப்பார். இறக்கைக்குள் வரும் விலா எலும்புகளை மெல்லிய பலகையில் ஒவ்வொன்றாக அறுப்பார், உப்புத்தாளால் தேய்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மனசுக்குப் பிடிக்கவில்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். மேலே துணி போர்த்தி இஸ்திரிப் பெட்டியால் இழுத்து ஒட்டினால், தேடினாலும் ஒரு சுருக்கம் அகப்படாது. அந்த இஸ்திரிப் பெட்டியால் துணி தேய்க்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் வேறு. மனிதர் வேலைக்குக் கசங்கின சட்டையோடு போவார், விமானம் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

ஓட்டுவதுதான் வராது. அதிலும் விமானம் தூரப் போகும்போது ஒரு குறை சொல்ல முடியாது, ராஜா மாதிரி போகும். திரும்பி வரும்போதுதான் வம்பு. போகும் விமானத்தின் வலது பக்கம் நமக்கும் வலது. அதுவே முகத்தைக் காட்டிக்கொண்டு நம்மை நோக்கி வந்தால் அதன் வலது நமக்கு இடது. மற்றவர்களுக்கு இது நாலு மாதத்தில் பழகிவிடும். இவருக்குப் பத்து வருஷமாகியும் கை கேட்கவில்லை. இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்த்துவதாக நினைத்துக்கொண்டு இன்னும் சாய்ப்பார். அது குப்புற விழும். முப்பது வருஷமாக லிஃப்ட்டோடு குடித்தனம் நடத்தியவர் பாவம் என்ன செய்வார்? லிஃப்ட் மேலே போகும், கீழே வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிரே வராது.

சங்கத்துக்கு ஊருக்கு வெளியே ஒரு மைதானமும் தகரக் கொட்டகையும் உண்டு. விமானம் விழுந்தால் அதன் உடைந்த விசிறியைக் கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, விழுந்த தேதியையும் காரணத்தையும் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும். விட்டவரேதான் எழுத வேண்டும், அதுதான் வழக்கம். ‘பேட்டரி தீர்ந்தது’, ‘திருகு கழன்றது’, ‘பக்கத்தில் நின்றவர் பேச்சுக் கொடுத்தார்’ என்றெல்லாம் அங்கே இருக்கும். உழவரின் ஐந்து அட்டைகளிலும் ஒரே சொல்: ‘காற்று’.

“சார், அன்னைக்கு ஒரு இலைகூட அசையலையே?” என்பார் சங்கத்தின் செயலாளரான பல் டாக்டர். சங்கத்திலேயே கெட்டிக்காரத்தனமாக ஓட்டுபவர் அவர்தான்.

“மேல அடிச்சுது,” என்பார் இவர்.

ஆறாவது விமானம் நாலு வருஷம் பிடித்தது. ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் அது வளர்ந்தது. மனைவியும் அவரும் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாலுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மஞ்சள் உடம்பு, கறுப்பு மூக்கு, உள்ளே விமானி உட்கார நிஜத் தோலில் தைத்த இருக்கை. கடைசித் துணியை ஒட்டி முடித்த அன்று அவர் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தார்.

“இதுதான் கடைசி. இது விழுந்துச்சுன்னா இனிமே விமானமே கிடையாது. எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துடுவேன். நீ இங்க சோபா வாங்கிப் போட்டுக்கோ.”

மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். அவள் சந்தோஷப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. “பார்க்கலாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

பல் டாக்டர் விஷயம் கேள்விப்பட்டு ஃபோன் செய்தார். “முதல் தடவை நான் ஓட்டிக் குடுத்துடறேனே. மறுவாரம் நீங்க ஓட்டுங்க.”

“கட்டினவன் நான். ஓட்டறவனும் நான்தான்,” என்றார் இவர். பிடிவாதத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தவிர, அவரிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் ஒரு பயிற்சி விளையாட்டைப் போட்டிருந்தார். எவ்வளவு நேரம் பழகினோம் என்று அதுவே ஒரு மூலையில் கணக்குக் காட்டும். ஐம்பது மணி நேரம் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் நூற்றுத் தொண்ணூறு காட்டியது! அவருக்குத் தலைகால் புரியவில்லை. ‘இவ்வளவு உழைச்சிருக்கோமா?’ என்று தன்மீதே அவருக்கு மரியாதை வந்துவிட்டது. சங்கத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் நூற்றுத் தொண்ணூறு, நூற்றுத் தொண்ணூறு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினன் தன் மெத்தைக் கடை வண்டியைக் கொண்டுவந்தான். இரண்டு மெத்தைகளுக்கு நடுவே உடம்பு, இன்னும் இரண்டுக்கு நடுவே இறக்கைகள். கதவைச் சாத்தப் போகும்போது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து முன்னால் ஏறி உட்கார்ந்தாள். முதல் விமானம் விழுந்ததைப் பார்த்ததிலிருந்து இனி மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றிருந்தவள்.

“நீ எங்க வர்ற?”

“ஏன், நான் வரக்கூடாதா?”

வந்து தொலையட்டும், சோபாவுக்கு அளவெடுக்க வருகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கொட்டகையில் அவருக்கு ஒரு வரவேற்பு காத்திருந்தது. ஐந்து விசிறிகளுக்கும் பக்கத்தில் யாரோ ஒரு குறும்புக்காரர் ஆறாவதாக ஓர் ஆணியை அடித்து வைத்திருந்தார். புத்தம் புது ஆணி. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அலுமினியக் குழாயில் இறக்கைகளைக் கோத்துத் திருகும்போது ஒவ்வொரு திருகையும் மூன்றுக்குப் பதில் ஆறு தடவை அவர் சரிபார்த்ததைக் கவனித்தது மனைவி ஒருத்திதான்.

இன்ஜினைக் கிளப்பும்போது விமானம் முன்னால் பாயாமல் இருக்க ஒருவர் பின்னால் குந்தி வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மனைவி போய்ப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, இத்தனை வருஷம் கழிச்சு மாமாவுக்கு வால் பிடிக்க ஆரம்பிச்சுட்டியா?” என்றான் மச்சினன்.

“வாயை மூடிட்டு அந்தப் பக்கம் நில்லுடா.”

பல் டாக்டர் விசிறியைச் சுண்டினார். இன்ஜின் இருமி, தும்மி, பிறகு உறுமியது. இவர் ரிமோட்டின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தலையசைத்தார். அவள் கையை விட்டாள். மஞ்சள் விமானம் புல்லில் ஓடி, வாலைத் தூக்கி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழும்பிவிட்டது. கூட்டத்தில் ஒருவர் விசிலடித்தார். தூரத்தில் போகப் போக அது அத்தனை நேராகப் போயிற்று. இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“திருப்புங்க,” என்றார் பல் டாக்டர்.

திருப்பினார். விமானம் முகத்தைக் காட்டியது.

ஓர் இறக்கை லேசாகச் சாய்ந்தது. இவர் நிமிர்த்தினார். இன்னும் சாய்ந்தது. இன்னும் நிமிர்த்தினார். மஞ்சள் முதுகு முழுசாகத் தெரிய, விமானம் பக்கவாட்டில் சரிந்து இறங்கத் தொடங்கியது. எது வலது, எது இடது? நாலு வருஷம் கண்முன்னே வழுக்கிக்கொண்டு வந்தது. கை கல்லாகிவிட்டது. பல் டாக்டர் எட்டு வைத்து வருவதற்குள் காதோரமாக ஒரு குரல் கேட்டது.

“இங்க குடுங்க.”

பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை ‘உட்காரு’ என்ற ஒரே சொல்லால் உட்கார வைக்கும் குரல் அது. யோசிக்காமல் விரல்களை எடுத்துவிட்டார். வாரைக் கழற்ற நேரமில்லை. அவள் ரிமோட்டைத் தன் பக்கம் இழுத்தாள், ரிமோட்டோடு அவர் கழுத்தும் போயிற்று. கயிற்றில் கட்டிய ஆடு மாதிரி அவள் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து, தலையை மட்டும் வானத்தைப் பார்க்கத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அவள் தாழ்ந்த இறக்கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே ரிமோட்டின் குச்சியைத் தள்ளினாள். விமானம் தயங்கி, பிறகு நிமிர்ந்தது. தலைக்கு மேலே தென்னை மர உயரத்தில் உறுமிக்கொண்டு கடந்து போயிற்று.

“அம்மா, நீங்க...” என்றார் பல் டாக்டர்.

“பேச்சுக் குடுக்காதீங்க டாக்டர். சுவத்துல எழுதி வெச்சிருக்கே, பார்க்கலையா?”

அவள் ஒரு வட்டம் போட்டாள். இன்னொன்றும் போட்டாள். இவரால் கையை நீட்ட முடியாது. வேறு வழியில்லாமல் பார்த்தார். அப்போதுதான் பார்த்தார். வெயில் துணிக்குள் புகுந்து இறக்கை முழுதும் வெளிச்சமாகியது. தான் அறுத்துத் தேய்த்த விலா எலும்புகள் ஒவ்வொன்றும் வரிசையாக உள்ளே தெரிந்தன. எண்ணிவிடலாம் போல இருந்தது.

மூன்றாவது சுற்றில் அவள் வேகத்தைக் குறைத்தாள். பஸ்ஸை நிறுத்துமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவள் போல உதட்டைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். சக்கரம் பட்டது, எகிறியது, மறுபடி பட்டது. இரண்டு குதி குதித்துவிட்டு விமானம் புல்லில் உருண்டு நின்றது. மூக்கு முழுசாக இருந்தது.

அவள் வாரைக் கொக்கியிலிருந்து விடுவித்து அவர் கழுத்துக்கு விடுதலை கொடுத்தாள்.

“எங்கம்மா கத்துக்கிட்டீங்க?” என்றார் பல் டாக்டர்.

“வீட்லதான். காலை டிரிப் முடிஞ்சா சாயங்கால டிரிப் வரைக்கும் சும்மாதானே இருக்கேன். கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தேன். பஸ்ஸைக் கண்ணாடி பார்த்து ரிவர்ஸ் எடுக்கற மாதிரிதான் இருந்துச்சு.”

நூற்றுத் தொண்ணூறில் தன் பங்கு எவ்வளவு என்பது அவருக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. சங்கம் பூராவும் தம்பட்டம் அடித்தது நினைவுக்கு வந்து காது சிவந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா விட்டிருப்பீங்களா? நீங்களே ஓட்டிட்டா நல்லதுன்னுதான் நின்னேன்.” அவள் குரல் இறங்கியது. “ஒவ்வொரு தடவையும் உடைஞ்சதைச் சாக்குல அள்ளிட்டு வந்து, ஒரு மாசம் யார்கிட்டயும் பேசாம உட்கார்ந்திருப்பீங்க. இந்தத் தடவை எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துடறேன்னீங்க. அதுக்கப்புறம் அந்த ஹால்ல நான் யார்கூடப் பேசறது? சோபா கூடவா?”

அவருக்குக் கண் கலங்கியது. மறைக்கவும் இல்லை.

“ஆறு விமானம் கட்டியிருக்கேன். ஒண்ணு பறந்து இன்னைக்குத்தான் பார்க்கறேன். ரிமோட் கையில இருக்கும்போது வலது இடதைத் தவிர எதையும் பார்த்ததில்ல,” என்றார். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லா இருக்கு, இல்ல?” என்று கேட்டார்.

“ரொம்ப நல்லா இருக்கு,” என்றாள்.

அவர் கொட்டகைக்குள் போனார். ஐந்து அட்டைகளிலும் ‘காற்று’ என்பதை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, ‘நான்’ என்று எழுதினார். ஆறாவது ஆணியைப் பிடுங்க அவர் திணறுவதைப் பார்த்துப் பல் டாக்டர் குறட்டோடு வந்தார். இந்தத் தொழிலில் அவருக்கு நல்ல பழக்கம், ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

இவர் வெளியே வந்து பெட்ரோல் டாங்கை ஆட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. ரிமோட்டின் வாரை மனைவியின் கழுத்தில் மாட்டிவிட்டு, விமானத்தின் பின்னால் போய்க் குந்தி வாலைப் பிடித்துக்கொண்டார். மச்சினன் வாயைத் திறக்கப் போனான். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

இன்ஜின் உறுமியது. விசிறிக் காற்று அவருடைய கசங்கின சட்டையைப் படபடவென்று அடித்தது. அவள் தலையசைத்ததும் கையை விட்டார். பிறகு எழுந்து, கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.