ஒற்றைக் காதுப் பை

என் தையல் மிஷின் டிராயரில் ஒற்றைக் காதோடு ஒரு மஞ்சள் பை கிடக்கிறது. இன்னொரு காதைப் பிரித்தது நான்தான். நான் உருப்படியாகத் தைத்த முதல் பை அது. இன்றைக்குத் தாம்பூலப் பை ஆர்டர் வந்தால் பேசிக்கொண்டே தைத்துத் தள்ளிவிடுவேன். ஆனால் அந்தப் பையை மட்டும் இன்னமும் தைக்காமல் வைத்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது. அண்ணன் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். வீட்டில் நானும் மதினியும்தான். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலைக்கு மதினி போனாள். நானும் அவள்கூட ஒரே ஒரு நாள் போனேன். அந்த நெடியும், அதை உரசாதே இதை இழுக்காதே என்கிற அதட்டலும் சேர்ந்து, மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். "நீ இதுக்கு ஆவமாட்டே தாயி. வீட்டுல இருந்து பை தையி" என்று சொல்லி, மதினிதான் பழைய மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள்.

கம்பெனியில் கொலுசு, ஊக்கு, ஹேர்பின் எதுவும் ஆகாது. இரும்பு உரசிப் பொறி பறந்தால் அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலும் துண்டும் வைத்துக்கொள்கிற பைகூட ஜிப் இல்லாத பருத்திப் பையாக இருக்கவேண்டும். அதை மதினி மருந்து அறைக்குள் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வாள். அந்தப் பையை நான் தைத்துத் தருகிறேன் என்று பீற்றிக்கொண்டேன்.

காது வைக்கிற இடத்தில் துணி நாலு மடிப்பு. கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றாமல், கடகடவென்று மிதித்தேன். ஊசி படக்கென்று உடைந்தது. வாசலில் கம்பெனி வண்டி ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. வேறு ஊசி மாட்டி, ஓட்டி முடித்துக் கொடுத்தேன். மதினி பையைத் தோளில் மாட்டி, தெருவுக்கே காட்டிக்கொண்டு போனாள்.

வண்டி போன பிறகுதான் உடைந்த ஊசியைத் தேடினேன். மேல்பாதி இருந்தது. முனையைக் காணோம். தரையைக் கையால் தடவினேன், கூட்டி அள்ளிப் பார்த்தேன், சேலையை உதறினேன். இல்லை. பையின் காதுக்குள்தான் இருக்கிறது என்று புரிந்தது.

சுவரில் தொங்கிய கம்பெனி காலண்டரில் போன் நம்பர் இருந்தது. அதை மனப்பாடம் செய்துகொண்டு முக்குக் கடைக்கு ஓடி ரிசீவரை எடுத்தேன். இரும்போடு உள்ளே போனாள் என்று தெரிந்தால் மதினிக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. அதைவிட, எனக்குத் தைரியம் போதவில்லை என்பதே உண்மை. நம்பரை அழுத்தாமலே ரிசீவரை வைத்துவிட்டு வந்தேன்.

பதினோரு மணி வாக்கில் எங்கோ டமார் என்றது. எங்கள் தெருவில் பகலில் சத்தம் கேட்டால் பெண்கள் எல்லோரும் வெளியே வந்து வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அன்றைக்கு என்னால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருக்கன்குடி மாரியாத்தாளைக் கூப்பிட்டேன். குவாரி வெடி என்று யாரோ சொன்ன பிறகும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மதினி வந்தாள். கையெல்லாம் மருந்துப் பொடியின் வெள்ளி நிறம், தோளில் என் பை. அதைப் பிடுங்கிக் காதைப் பிரித்தேன். மூன்றாவது மடிப்பில் இருந்தது, எறும்பளவு முனை. தேம்பிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போன் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

மதினி அந்த முனையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். திட்டவில்லை. "இம்புட்டுப் பயத்தையும் நான் தெனமும் கட்டிக்கிட்டுத்தான் தாயி போறேன். இன்னிக்கு ஒருநா உனக்கும் கெடச்சிருக்கு" என்றாள். மறுநாள் விடிந்ததும் பழைய பையை எடுத்துக்கொண்டு வண்டியேறினாள்.

அப்புறமும் பல வருடம் போனாள். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து பைகளுக்கு நூல் பிசிறு வெட்டுகிறாள். ஊசி உடைந்தால் இரண்டு துண்டும் சேரும்வரை நான் எழுந்திருப்பதில்லை. அதைப் பார்த்து ஊரிலேயே என்னைப் போல் கவனமானவள் கிடையாது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவாள். போன வாரம் டிராயரைத் திறந்தவள், பிரித்த காதையும் தைத்துவிடக் கூடாதா என்று கேட்டாள். தைக்கலாம், அதற்குள் போன் விஷயத்தைச் சொல்லிவிடவேண்டும் என்று பார்க்கிறேன். இன்னும் வாய் வரவில்லை.