அறுபத்தைந்து கிலோ கபடி

புளி மண்டியில் மூட்டை நிறுக்கும் எடை மெஷினை யாராவது மனசில் வைத்திருப்பார்களா? நான் வைத்திருக்கிறேன். அகலமான இரும்புத் தட்டு, அதன் ஓரத்தில் ஒரு கம்பி, கம்பியின் உச்சியில் சிவப்பாக ஓடும் எண். மாதா கோயில் திருவிழாவுக்குக் கபடிப் போட்டி நடத்தும் பையன்கள் அதை டெம்போவில் ஏற்றிவந்து, மைதானத்து வேப்பமரத்தடியில் வைத்திருந்தார்கள். புளி ஒட்டிப் பிசுபிசுத்த அந்தத் தட்டின்மேல் ஏறுவதற்கு முன் என் தம்பி சட்டையைக் கழற்றினான், பனியனைக் கழற்றினான், கழுத்தில் கிடந்த ஜெபமாலையையும் கழற்றி என் கையில் கொடுத்தான். ஜெபமாலை என்ன கனம் இருந்துவிடப்போகிறது, பைத்தியக்காரன்!

எங்கள் நல்லம்பள்ளிப் பக்கத்தில் அதற்கு முன்பெல்லாம் கபடி என்றால் வேலைவெட்டி இல்லாதவன் ஆட்டம். மண்ணில் புரண்டு முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வருகிறவனுக்கு வீட்டில் விளக்குமாற்று அடிதான் கிடைக்கும். "கபடி ஆடறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்று அப்பா சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் கேட்பார். பிறகு ஒரு வருடம் டிவியில் கபடிப் போட்டி வந்தது. மண் போய் மேட் விரிப்பு வந்தது. கலர் விளக்கு, முதுகில் பெயர், ஊர் ஊருக்கு ஒரு அணி. ஆட்டக்காரர்களை ஏலம் வேறு எடுத்தார்கள். தக்காளி ஏலம் தவிர வேறு ஏலம் பார்த்திராத அப்பா வாயைப் பிளந்தார். கிரிக்கெட் என்றால் மட்டை வேண்டும், காலுக்குக் கட்டப் பேட் வேண்டும், கோச்சிங் வேண்டும். இதற்கு ஒரு உடம்பு போதும். உடம்பு எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்றாவது இருந்தது.

அந்த டிவி ஆட்டம் ஊரை மாற்றியது பொய்யில்லை, அதை நான் மறைக்கமாட்டேன். விளக்குமாறு எடுத்த வீடுகளில் முட்டை வேகவைத்துக் கொடுத்தார்கள். காலைப் பிடிக்காமல் கபடி ஏது? காலனிப் பையனும் ஊர்ப் பையனும் ஒருவன் காலை ஒருவன் பிடித்து ஒரே அணியாக ஆடினார்கள். தம்பியோடு வந்த காலனிப் பையன் ஒருவன் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து சோறு தின்றான், அம்மா பரிமாறினாள், அப்பா தடுக்கவில்லை. கிறிஸ்தவர்கள், வேதக்காரர்கள் என்று பெயர்தானே தவிர, அதுவரை அப்படி ஒன்று எங்கள் வீட்டில் நடந்ததில்லை. எங்களைப்போன்ற பெண்களுக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அதுவரை மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள்தானே நாங்கள்.

ஆனால் ஊர்ப் போட்டிகளுக்கு எடைக் கணக்கு உண்டு. நோஞ்சானையும் தடியனையும் மோதவிட முடியாதல்லவா, நியாயம்தான். அந்த வருடம் வைத்தது அறுபத்தைந்து கிலோப் போட்டி, அதற்கு மேல் இருந்தால் ஆட முடியாது. தம்பி எலும்பே கனம், அறுபத்தொன்பதுக்குக் குறையாத ஆள். பெரிய அணிக்கு ஆள் பொறுக்குகிறவர் ஒருவர் சேலத்திலிருந்து பார்க்க வருகிறார் என்று எவனோ சொல்லிவிட்டான். அவ்வளவுதான். சித்திரை வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ஓடினான். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரித்தார்களாம். சோற்றை நிறுத்தினான், பிறகு தண்ணீரையும் நிறுத்தினான். புளியங்கொட்டையை வாயில் அடக்கி எச்சில் ஊறவைத்துத் துப்பிக்கொண்டே இருந்தான். எச்சிலும் எடைதானாம். எல்லாப் பையன்களும் செய்ததுதான் இது. அண்ணன்மார் தம்பிமாருக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை.

"பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நான் இப்படிப் பட்டினி கெடக்கலடா" என்று கேலி செய்தேன். சிரிக்கப் பார்த்தான், உதடு வெடித்து ரத்தம் வந்தது. அம்மா சொம்போடு வீட்டுக்குள் அவன் பின்னாலேயே நடந்தாள். "ஒரே ஒரு வாய் சாமி, தொண்டைய நனச்சிக்க. உனக்குப் புண்ணியமாப் போவும்." அவன் சொம்பை வாங்கி, தண்ணீரைக் கையில் ஊற்றி முகத்தில் அடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தான். "இந்த ஒரு தடவைம்மா. அந்த ஆளு கண்ணுல பட்டுட்டன்னா நம்ம வூடே வேற மாதிரி ஆயிரும்."

எடை அறுபத்தைந்தில் நின்றது. பையன்கள் அவனைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். அம்மா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தான், குடித்ததை வாந்தி எடுத்தான், மறுபடி குடித்தான். வெயில் தாழ்வதற்குள் முதல் ஆட்டம். நான் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு போனான். நன்றாகத்தான் போனான். எதிரணிக்காரர்கள் வளைத்தார்கள். பாட்டு நின்றது. கபடியில் பாட்டு நின்றால் அவுட். நடுவர் விசில் அடித்தார், அது அவர் வேலை. எதிர்ப் பக்கத்துக் கூட்டம் எழுந்து நின்று ஊளையிட்டது. நானும் "சே!" என்று தொடையில் அடித்துக்கொண்டேன், ஒரு பாயிண்ட் போச்சே என்று. மேலே விழுந்தவர்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். கடைசிவரை எழாதவன் இவன்தான்.

தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது உயிர் இல்லை. "உடம்புல தண்ணியே இல்லைங்களே, என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார். அம்மாவைப் பார்த்து அப்படிக் கேட்டுவிட்டாரே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சேலத்துக்காரர் வந்தாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. யாரும் அவரைப் பார்த்ததாகச் சொல்லவில்லை.

யாரைத் திட்ட? டிவியையா? அப்பா இப்போதும் அதைப் பார்க்கிறார், சத்தத்தை மட்டும் குறைத்துவிடுகிறார். மண்ணிலிருந்து மேட் விரிப்புக்கு, விரிப்பிலிருந்து உலகக் கோப்பைக்கு என்று கபடி வளர்ந்த கதையைப் பெருமையாக எழுதுகிறார்கள். எழுதட்டும். எனக்கும் பெருமை இருக்கத்தான் செய்கிறது, அதுதான் கொடுமை. ஏலம் போனவன் பெயர் பேப்பரில் வருகிறது. ஏலம் வரைக்கும் போகாமல் செத்தவனுக்கு உள்ளூரில் ஒரு ஃபிளெக்ஸ்.

ஃபிளெக்ஸோடு நிற்கவில்லை. போன திருவிழாவுக்கு முன் பையன்கள் நோட்டீஸ் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். தம்பி பெயரில் நினைவுக் கோப்பையாம். கோப்பையை அம்மா கையால் கொடுக்க வேண்டுமாம்.

"எத்தன கிலோடா?" என்று அம்மா கேட்டாள்.

"அதே அறுபத்தஞ்சுதானுங்க பெரிம்மா. அண்ணன் நெனப்பா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "உங்களுக்கெல்லாம் புத்தின்னு ஒன்னு இருக்குதா? வூட்ட வுட்டு வெளிய போங்கடா!" என்று கத்தினேன். பையன்கள் தலையைத் தொங்கப்போட்டார்கள், ஒருவன் அழுதேவிட்டான். அம்மாதான் என்னை அடக்கினாள். "நான் வரேன் போங்க" என்றாள்.

எடை போடும் அன்றைக்குக் காலையில் ஒரு குடம் மோர் கலக்கினாள். உப்புப் போட்டு, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, இடுப்பில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். சட்டையில்லாமல் வரிசையாக நின்றார்கள், கன்னம் ஒட்டி, உதடு வெளுத்து. அம்மா ஒவ்வொருவனிடமும் சொம்பை நீட்டினாள். ஒருவன்கூட மரியாதை குறைவாகப் பேசவில்லை. "எடை போட்டுட்டுக் குடிக்கிறனுங்க பெரிம்மா" என்றான் முதல் பையன். "ஏறி எறங்கிட்டு ஓடி வந்தர்றனுங்க" என்றான் அடுத்தவன். கடைசியில் நின்றவன் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கை நீண்டேவிட்டது.

அவன் பின்னால் நின்ற அவன் தாய் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாங்க்கா, கையெடுத்துக் கும்புடறன். இன்னும் கால் கிலோதான் கொறையணும். ஆசை காட்டாதீங்க."