ரஹ்மாட்டுக்கு நான் போட்ட பாஸ்

கிள்ளான் சபையாருக்கு என் அன்பு. நான் பண்டமாரான் எஸ்தர். பதினெட்டு வருடம் பள்ளியில் கத்திக் கத்திப் பாடம் நடத்தியவள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிற ஆள் இல்லை. ஆனாலும் இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது. ஒரு மனிதர் புகைக்குள் மாட்டிக்கொண்டு சாக இருந்தார். அவரை அங்கே மாட்டிவிட்டது நான்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்ததும் போர்ட் கிள்ளானில் ஒரு பயணிகள் கப்பலில் ஏறினேன். மொழி கற்றுக்கொடுக்கும் வேலை. உலகத்தைச் சுற்றலாம், சம்பளமும் உண்டு, கசக்குமா? காலையில் பயணிகளுக்கு, அடுத்த துறைமுகத்தில் வணக்கம் சொல்லவும் வழி கேட்கவும் கொஞ்சம் வார்த்தைகள். எனக்கே தெரியாத ஸ்வாஹிலியை முந்தின நாள் படித்து மறுநாள் நடத்தியதும் உண்டு. மதியம் கப்பல் ஊழியர்களுக்கு ஆங்கிலம்.

அந்த மதிய வகுப்பு விளையாட்டு இல்லை. ஆபத்து வந்தால் ஒலிபெருக்கியில் கட்டளை ஆங்கிலத்தில்தான் வரும். அது இவருக்குப் புரியும் என்று நான் வாய்மொழித் தேர்வு வைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஒருவர் வேலையில் தொடர முடியும்.

சலவை அறையில் ரஹ்மாட் என்று ஒருவர். சுமத்ராக்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். ஆங்கிலம் அவருக்கு ஏறவே இல்லை. நானும் நம்ம ஊர் ஆளாயிற்றே! ஒரு வாக்கியத்தில் மூன்று மொழி கலக்காமல் நமக்குப் பேச வருமா? வகுப்பில் பாதி மலாயில் விளக்கினேன். தேர்விலும் அதே பழக்கம் வாயில் வந்தது. அலாரம் அடித்தால் எங்கே போவீர்கள் என்பதை, “அலாரம் பூஞி, யூ பெர்கி மானா?” என்று கேட்டேன். மலாய் தெரிந்தவர் பதில் சொல்லாமல் இருப்பாரா? கடகடவென்று சொன்னார். பாஸ் போட்டேன். அறைக்குத் திரும்பும்போதே மனசாட்சி உறுத்தியது. பாவம், வேலை போய்விடுமே என்று அதை அடக்கிவிட்டேன்.

மொம்பாசாவை விட்டுக் கிளம்பிய இரண்டாம் நாள், காலை பத்து மணி. துணி உலர்த்தும் இயந்திரத்தில் தீப்பிடித்தது. அலாரம் அடித்ததும் நாங்கள் எல்லோரும் மேல்தளத்தில் அவரவர் இடத்தில் வரிசையாக நின்றோம். தலை எண்ணினார்கள். எங்கள் வரிசையில் ஒருவர் குறைந்தார். ரஹ்மாட்.

பக்கத்தில் நம்ம கிள்ளான் பக்கத்து மேருவைச் சேர்ந்த செல்வம் நின்றான். சமையல்கட்டில் வேலை பார்ப்பவன். “பின்பக்கப் படியில புகை, முன்பக்கமா வாங்கன்னு மூணு தடவை சொல்லிட்டாங்க டீச்சர். அவரு ஏன் இன்னும் வரல? நீங்கதானே பாஸ் போட்டீங்க, அவருக்குப் புரியும்லா?”

கண்ணை மூடினேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது நான் இரண்டு ஜெபம் செய்தேன். ஆண்டவரே, அவரைக் காப்பாற்றும். ஆண்டவரே, நான் செய்தது வெளியே தெரிய வேண்டாம். இரண்டாவதைச் சொன்னபோதே எனக்கு அசிங்கமாக இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது என்று புரிந்தது. “அவர் உயிர் போதும் ஆண்டவரே” என்றேன்.

நேரே ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்த அதிகாரியிடம் போனேன். நீங்கள் சொல்வது ரஹ்மாட்டுக்குப் புரியாது, நான் மலாயில் தேர்வு வைத்துப் பாஸ் போட்டுவிட்டேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஒலிபெருக்கியின் மைக்கை என் கையில் கொடுத்தார். “ரஹ்மாட், பின்பக்கம் வராதீர்கள், முன்பக்கப் படியில் ஏறி வாருங்கள்” என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நாலு நிமிடத்தில் ஈரத்துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு படியேறி வந்தார். ஒலிபெருக்கி அவரை இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்வதாக நினைத்து, துணி வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவர் தம் முறைப்படி இறைவனுக்கு நன்றி சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

காப்பாற்றியது மைக்தானே, ஜெபம் எங்கே என்று என் தம்பி கேட்கிறான். நான் தப்பை ஒப்புக்கொள்கிற ஆளா? அவனையே கேளுங்கள், சிரிப்பான். அன்றைக்கு என் வாயைத் திறந்தவர் ஆண்டவர்தான்.

கேப்டன் எல்லோருக்கும் மறுபடி தேர்வு வைத்தார். பதினொரு பேர் தேறவில்லை. டர்பன் போய்ச் சேரும்வரை அவர்களுக்கு ஒரு மலாய் வார்த்தை கலக்காமல் பாடம் நடத்தினேன். ரஹ்மாட் இரண்டாம் தடவையில் தேறினார். தேர்வு வைத்தது வேறொருவர். டர்பனில் என்னை இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் உலகப் பயணம் அவ்வளவுதான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன் இருக்கிறார்.

இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஹோட்டல் ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். தேறாதவரிடம், “இன்னும் வரல அண்ணே, மறுபடி படிங்க” என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். முன்பு எனக்கு அது வராது.

உங்களில் யாராவது ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் உதவி கேட்டுக்கொண்டிருந்தால், அவரை நம்பி அதை முதலில் சொல்ல வேண்டியவரிடம் போய்ச் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். நான் கூட வருகிறேன்.