நோலா கேட்ட சத்தம்

எங்கள் ஆற்றில் பேய் ஓடுகிறது என்று முதலில் கிளப்பிவிட்டவன் வாட்டி கெரிகன். ரக்காயா ஆறு கடலில் விழும் இடத்தில் தகரக் குடிசை போட்டுக்கொண்டு, கோடை முழுக்க சால்மன் மீனுக்காகத் தூண்டிலோடு அலைகிறவன். மீன் கிடைக்காத வருஷத்தில் அவனுக்கு ஒரு சாக்கு வேண்டும்.

"லயல் க்ரோசியரோட படகு இன்னும் ஓடுதுப்பா," என்று மதுக்கடையில் சொன்னான். "வில்லோ வளைவுல நான் என் காதால கேட்டேன். முக்கி முனகி ஸ்டார்ட் ஆகுது. கொஞ்ச நேரம் உறுமுது. அப்புறம் கப்சிப். இப்படி இருந்தா மீன் எங்கேருந்து வரும்?"

லயல் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த வளைவுக்குத் தனியாகப் போகிறவர்கள் குறைந்துபோனார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் கேட்ட அந்தப் படகை ஓட்டிக்கொண்டிருந்தவனே நான்தான்.

லயலின் மனைவி நோலாவைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். என் உருளைக்கிழங்கு வயலுக்கு அடுத்த நிலம் அவர்களுடையது. ஆட்டு ரோமம் வெட்டும் கொட்டகைக்குப் பின்னால் அவள் ஜெட் படகு பழுது பார்த்தாள். எங்கள் ஆறு கூழாங்கல் மேல் பத்துப் பிரிவாகப் பிரிந்து பின்னிக்கொண்டு ஓடும். பல இடத்தில் முழங்கால் தண்ணீர்தான். அதில் ஓடுவது ஜெட் படகு ஒன்றுதான். அதற்கு வெளியே சுற்றும் விசிறி கிடையாது. அடிவயிற்றால் ஆற்றை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சி அடிக்கும். அந்தப் பீய்ச்சல்தான் தள்ளும், அதுதான் திருப்பும். எஞ்சின் வேகம் செத்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட வேண்டியதுதான்.

நோலா கறாரானவள். படகைக் கொண்டுவருகிறவன் வாயைத் திறந்ததும், "நீ பேசாதே, அது பேசட்டும்," என்பாள். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்பாள். ஒருமுறை புதுப்பணக்காரன் ஒருவன் வந்து, ஸ்டார்ட் ஆவதற்குள் பேட்டரி செத்துவிடுகிறது, ஸ்டார்ட் ஆனாலும் படகு இழுக்கவில்லை என்று புலம்பினான்.

"பெட்ரோல் எப்ப போட்டே?"

"போன கோடையில."

"போன கோடையில கறந்த பாலை இன்னிக்கு குடிப்பியா?"

அவன் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

அவளிடம் ஒரு கணக்கு உண்டு. ஆற்றில் ஓடுகிற எல்லோரும் ஒப்புக்கொள்கிற கணக்கு. எஞ்சின் வீறிடுகிறது, படகு நகரவில்லை என்றால் கோளாறு ஜெட்டில். கல்லோ பாசியோ அடைத்திருக்கும். எஞ்சினே வேகம் ஏறாமல் திணறுகிறது என்றால் கோளாறு எஞ்சினில். இந்தக் கணக்குதான் அவளைத் தின்றது.

லயல் போன அன்று அவள் படகுத்துறையில் நின்றிருந்தாள். அவன் கீழ்நோக்கி வில்லோ வளைவைத் திரும்பிப் போனான். மரங்கள் மறைத்ததால் அவள் ஒன்றும் பார்க்கவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். எஞ்சின் நின்றது. ஸ்டார்ட்டர் இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எஞ்சின் பிடித்தது, ஆனால் வேகம் ஏறவில்லை. அடித்தொண்டையில் ஒரு உறுமல். பிறகு அதுவும் இல்லை. வளைவுக்குக் கீழே அப்போது ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்த வில்லோ மரங்களில் படகு குறுக்காகப் போய் மோதி உடைந்தது. லயலைக் கடற்கரையில் கண்டெடுக்கும்வரை இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிக்காரர்கள் தங்கள் வழக்கப்படி ஆற்றுக்குத் தடை போட்டார்கள். யாரும் தூண்டில் போடவில்லை. படகின் பலகைகள் கிடைத்தன. எஞ்சினையும் ஜெட்டையும் ஆறு கல்லுக்கடியில் புதைத்துவிட்டது.

விபத்து என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். ஆனால் அந்த வாரம்தான் நோலா அந்த எஞ்சினைப் பிரித்து, தீப்பொறி விழும் டைமிங் வைத்துக் கார்புரேட்டரைச் சரிசெய்திருந்தாள். வேகம் ஏறாத எஞ்சின் என்றால் கோளாறு எஞ்சினில். எஞ்சினில் கடைசியாகக் கை வைத்தவள் அவள்.

பின்னால் அவள் செய்ததைப் பைத்தியம் என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அதே மாதிரி படகு, அதே எஞ்சின், அதே ஜெட் என்று தேடித்தேடி வாங்கி லயலின் படகுக்கு அச்சு அசலாக இன்னொன்றைக் கட்டினாள். கட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.

"மர்டோ, நீ ஓட்டணும். நான் அன்னிக்கு நின்ன இடத்துலயே நின்னு கேக்கணும்."

"என்ன கேக்கப்போறே?"

"ஒவ்வொரு கோளாறா நானே வெப்பேன். எது அந்தச் சத்தம்னு என் காதுக்குத் தெரியும். நான் என்ன பண்ணினேன்னு எனக்குத் தெரியணும்."

உலகத்தில் எல்லோரும் கோளாறை எடுப்பார்கள். அவள் வைத்தாள். பெட்ரோலில் தண்ணீர் கலந்தாள். பிளக்கில் கரி பூசினாள். டைமிங்கை முன்னும் பின்னும் தள்ளினாள். காற்று போகும் வழியில் கந்தலை அடைத்தாள். ஆக்ஸிலரேட்டர் கம்பியைத் தளர்த்தினாள். தன் கணக்கையே நம்பாமல் ஜெட்டுக்குள் கல்லையும் பாசியையும்கூடப் போட்டாள். நான் வளைவைத் திரும்பி, எஞ்சினை நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் பண்ணுவேன். சாய்ந்த மரங்களை எல்லாம் எப்போதோ வெட்டி எடுத்துவிட்டார்கள். கீழே இப்போது வெறும் கல்திட்டு, அதனால் உயிருக்குப் பயமில்லை. திரும்பி வந்தால் தலையை ஆட்டுவாள்.

"இது இருமுது. அது இருமல. அது யாரோ கழுத்தைப் பிடிச்சமாதிரி இருந்துச்சு."

வருஷத்துக்கு வருஷம் இது நடந்தது. எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. வயலில் டிராக்டர் ஸ்டார்ட் ஆகத் தாமதித்தால் சாவியை விட்டுக் கையை எடுத்துவிடுவேன். ரோமம் வெட்டும் கொட்டகையில் மோட்டார் உறுமினால் திரும்பி ஆற்றைப் பார்ப்பேன். வாட்டி சொன்ன பேய் பொய் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் பயந்தேன். அந்த வளைவில் சாவியைத் திருப்பும்போதெல்லாம் பக்கத்து இருக்கையில் ஆள் இருப்பதுபோல் இருக்கும். ஒருநாளும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பியதில்லை.

கடைசி நாள் ஒரு மார்ச் மாதத்து மத்தியானம். வடமேற்குக் காற்று அடித்து ஓய்ந்து, ஆறு சாம்பல் நிறத்தில் இருந்தது. எனக்குக் கிழங்கு தோண்டும் வேலை தலைக்குமேல் கிடந்தது. மனசு கடுகடு என்று இருந்தது. அவள் டைமிங்கை மறுபடி மாற்றி வைத்திருப்பதாகச் சொன்னதும் வெடித்துவிட்டேன்.

"போதும் நோலா. செத்தவனை இப்படி வருஷா வருஷம் ஆத்துல போட்டு இழுக்கறியே, உனக்கே அசிங்கமா இல்ல?"

அவள் முகம் சிவந்தது. "ஓட்ட இஷ்டமில்லன்னா இறங்கு. வாட்டியைக் கூப்பிட்டுக்கறேன்."

"வாட்டியா? அவன் படகைப் பாத்ததும் பேன்ட்டை நனைச்சுக்குவான்."

அவள் சிரிக்கவில்லை. குனிந்து, படகின் முன்முனையைத் துறையோடு கட்டும் மூக்குக் கயிற்றைக் கட்டையிலிருந்து அவிழ்த்து விட்டெறிந்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். எங்கள் ஆற்றில் ஒரு வழக்கம் உண்டு. கரையில் இருந்து கயிற்றை அவிழ்க்கிறவர் "கயிறு" என்று கத்துவார். படகில் இருப்பவர் அதை இழுத்துச் சுருட்டிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டுவார். பிறகுதான் கிளம்புவது. அன்று அவள் கத்தவில்லை. நானும் கோபத்தில் திரும்பிப் பார்க்காமல் கிளம்பினேன்.

வளைவைத் திரும்பும்போது, நான் நிறுத்தாமலே எஞ்சின் நின்றது. காலுக்கடியில் தடக்கென்று ஓர் இழுப்பு. சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது. படகு குறுக்காகத் திரும்பியது. ஸ்டீயரிங் கையில் தொளதொளவென்று சுற்றியது. எஞ்சின் பிடித்தது. மிதித்தால் வேகம் ஏறவில்லை. அடித்தொண்டையில் உறுமிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை, ஆனால் எது என்று உடனே தெரிந்தது. வாய்விட்டு லயலின் பெயரைச் சொன்னேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கெஞ்சினேன். எஞ்சின் நின்றது. படகு கல்திட்டில் ஏறி உட்கார்ந்தது.

ஜெட்டின் மூடியைத் திறந்தேன். மூக்குக் கயிறு தண்ணீரில் இழுபட்டு, படகின் அடிவயிற்றுக்குள் போய், எஞ்சினிலிருந்து வரும் தண்டில் முறுக்கி முறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சின் நல்ல எஞ்சின்தான். அதன் கழுத்தைக் கயிறு பிடித்திருந்தது.

கல்லையும் பாசியையும் போட்டுப் பார்த்தவள், கயிற்றைப் போட்டுப் பார்த்ததில்லை. எங்களுக்குக் கயிறு ஒரு கோளாறே இல்லை. சுருட்டி வைக்காமல் யார் கிளம்புவார்கள்?

நோலா தண்ணீரில் இறங்கி, இடுப்புவரை நனைந்து ஓடிவந்தாள். கத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் வருவதற்குள் வெட்டி ஆற்றில் விட்டுவிட்டுப் பாசி என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கத்தி கிடைப்பதற்குள் அவள் கை உள்ளே போய்விட்டது.

"கயிறு," என்றாள்.

"ஆமா."

அவள் கையை வெளியே எடுக்கவில்லை. "அன்னிக்குக் காலையில அவனோட சண்டை. ஈரப் பூட்ஸைக் கொண்டுவந்து என் வேலை மேசைல வெச்சுட்டான். அதுக்கு ஒரு சண்டை. நான்தான் கயித்தை அவுத்தேன். அவன்கிட்ட பேசக்கூடாதுன்னு ஒரு வீம்பு. நான் கத்தல, மர்டோ."

"கயித்தை உள்ள இழுக்கறது ஓட்டறவன் வேலை, நோலா. இன்னிக்கு என் வேலை. அன்னிக்கு அவன் வேலை."

"நான் கத்துவேன்னு இருந்திருப்பான்."

சற்றுமுன் கிளம்பும்போது நானும் அவள் கத்துவாள் என்றுதான் இருந்தேன்.

எஞ்சினில் அவள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. இத்தனை வருஷமும் கேட்டது அதைத்தான். அந்தப் பதில் கிடைத்ததும், கத்தாமல் விட்ட தப்பும் சேர்ந்து கிடைத்தது. அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. நான் கத்தியைக் கண்டுபிடித்துக் கயிற்றில் வைத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதே. திரும்ப ஸ்டார்ட் பண்ணு."

"என்ன பேசறே? தண்டு முறிஞ்சுடும். எஞ்சினும் போயிடும்."

"போகட்டும். அது அவன்தான். இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் கேட்டேன். இன்னொரு தடவை கேக்கறேன், மர்டோ. அவ்வளவுதான்."

படகைத் தண்ணீருக்குள் தள்ள அவளே தோள் கொடுத்தாள். நங்கூரத்தைப் போட்டுக்கொண்டேன். அவள் கல்லும் தண்ணீருமாக மிதித்துத் திரும்பி நடந்து, மரங்களுக்கு அந்தப் பக்கம், அன்று நின்ற இடத்துக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்தேன். அங்கிருந்து அவள் குரல் வந்தது.

"கயிறு."

நான் சாவியைத் திருப்பினேன்.